அயினி

கருங்கல் சந்தைக்கு மேலே
ரப்பர் சங்கத்துக் கட்டடம் வரை வந்து
கண்ணாடி இழை நின்றுவிட்டது.
அங்கிருந்து தெற்கே இறங்கினால்
வாழை, குளம், மறுபடியும் வாழை,
ஆறு கிலோமீட்டர் கழித்து இனயம்,
அதற்கப்புறம் கடல்தான்.
கம்பெனி ஆள் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:
உங்கள் கரையில் வீடுகள் குறைவு.
ஞாயிறு இரண்டாம் பூசைக்கு வந்து
நிற்க இடம் தேடியிருக்கலாம் அவர்.

நான் கணக்கெழுதுகிறவள்.
மகளிர் குழுவின் சிவப்பு அட்டை நோட்டில்
மிச்சமிருந்த பக்கங்களில் தொடங்கினேன்.
பங்குப்பேரவை: மணிக்கூண்டின் உச்சி, மின்சாரம்,
மூன்று கூட்டம் கழித்து சாவி.
ரப்பர் சங்கம்: மொட்டை மாடி, மாத வாடகையில் பாதி.
தேங்காப்பட்டணம் மாகீன்:
கேபிள் டிவி படுத்த பிறகு
வீட்டில் தூசி தின்ற ஆண்டெனாக் கிண்ணங்கள்,
கூடவே அவற்றைத் திருப்பத் தெரிந்த கை.
நூற்று எழுபது வீடு, வீட்டுக்கு ஐநூறு,
கொடுத்தது நூற்று நாற்பத்தெட்டு.

இரண்டு கிண்ணமும்
ஒன்றையொன்று பார்க்க வேண்டுமாம்.
மாகீன் சொன்னபோது
கல்யாணத் தரகர் பேசுவதுபோல் இருந்தது.
கூண்டின் மேல் ஏறி வறுவேல்
துடுப்பில் சிவப்புச் சாரம் கட்டி ஆட்டினான்.
கருங்கல் மாடியில் பைனாகுலரோடு ஞானசிகாமணி
போனில் கத்தினார்:
"சாரம் ஒண்ணும் தெரியேல்ல ஓய்,
ஒரு மரம்தான் தெரியுது."

பாலூரில் ஏசுவடியாளின் அயினி.

வெட்டக் கேட்டுப் போனோம்,
ஏழு பேர், ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு.
பழத்தை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.
"பலவைக்குன்னு வந்தா வெல பேசலாம்.
சும்மா மறைக்குதுன்னா
வெட்ட மாட்டேன், கேட்டியளா."
வறுவேல் தலையைச் சொறிந்தான்.
நான் நோட்டை மூடினேன்.
அவள் மட்டும் மரத்தைப் பார்க்காமல்
தன் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"தண்ணி டேங்குக்கு மேல ஏறிப் பாருங்க.
ரெண்டு பக்கமும் தெரியும்."

தெரிந்தது.
வடக்கே சங்கத்தின் பச்சைச் சுவர்.
தெற்கே, தீக்குச்சி அளவுக்கு,
எங்கள் மணிக்கூண்டுச் சிலுவை.

"வச்சுக்கிடுங்க. ஆனா பேப்பர்ல எழுதணும்.
கரண்டு காசு தனி. எங்க தெருவுக்கும் வேணும்.
கூட்டத்துல எனக்கும் ஒரு நாற்காலி."
எழுதினோம். இரண்டு தடவை வாசித்துவிட்டு
'தயவுகூர்ந்து அளித்த' என்றிருந்ததை
அடிக்கச் சொன்னாள்.

மூன்றாம் மாதம் உப்பு வந்தது.
கூண்டின் உச்சியில் செம்பு பச்சை பூத்து
ஏலக்கூடத்தில் நெய்மீன் விலை
பாதித் திரையில் நின்றது.
எஞ்சின் போல்ட்டுக்குச் செய்வதுபோல
கிரீஸ் பூசினான் வறுவேல்.
"கிரீசு ரப்பரைத் தின்னும்" என்று
அதைத் துடைத்தார் ஞானசிகாமணி.
தூக்குவாளியில் ரப்பர்பால் கொண்டுவந்திருந்தார்.
பூசி, காயவிட்டு, பூசி, காயவிட்டு,
அதற்கு மேல் கறுப்பு டேப்.
இருவரும் பேசிக்கொள்ளவில்லை அன்று.
ஐந்து மாதமாகப் பிடித்து நிற்கிறது.
அந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது
என்று இன்னும் தெரியவில்லை எனக்கு.

பெயர் வைக்கத்தான் நாலு கூட்டம்.
புனிதர் பெயர் என்றார்கள், சங்கத்தின் பெயர் என்றார்கள்,
மாகீன் தன் பழைய கேபிளின் பெயரை
மெல்லச் சொல்லிப் பார்த்தார்.
ஏசுவடியாள் நாற்காலியைச்
சத்தமாக நகர்த்தினாள்.

இனயத்தில் இப்போது
வலைக் கொட்டகையில் யார் போனைத் திறந்தாலும்
முதலில் தெரிவது
இந்த மணலில் ஒருநாளும் முளைக்காத மரம்.
காற்றும் மழையுமான இரவில்
என் கதவைத் தட்டுகிறார்கள்:
"அக்கா, அயினி ஆடுது."
ஆடட்டும், காலையில் மாகீன் வருவார்
என்று விளக்கைப் போட்டு
நோட்டை எடுக்கிறேன்.

இந்த மாதம் பற்றாக்குறை
நாற்பத்தேழு ரூபாய்.
பாலூர் கரண்டு காசை
முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.